டெல்டாவில் வீடு இருந்தால் ராணுவ அகாடமி வாய்ப்பு குறையுமா?

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. முப்படை அதிகாரிகளை உருவாக்கும் என்.டி.ஏ.வில், அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமியில்தான், சேருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். மகள் ஐந்தாம் வகுப்பு. "அங்கெல்லாம் டெல்லி, டேராடூன் பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் இடம், நம்ம பக்கம் எடுக்க மாட்டாங்க" என்று ஊரில் சொல்கிறார்களாம். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனரோ, வீடு எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ராணுவ அகாடமி வாய்ப்பே அமையும் என்று போனில் சொல்லியிருக்கிறார். சென்னையில் இருக்கும் தம்பி வீட்டு முகவரிக்கு மகனை மாற்றிவிட்டால் பயன் உண்டா என்பதுதான் கேள்வி.

மாற்ற வேண்டாம். ஒரு மார்க்கூட ஏறாது. ஆதார், சான்றிதழ் எல்லாவற்றிலும் வீண் குழப்பம்தான் மிஞ்சும். அதற்காக ஊருக்கும் வாய்ப்புக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சம்பந்தம் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஒரத்தநாடு பக்கம் வந்து சேர்ந்தவன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு வழி சொல்லியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

மைத்துனர் சொன்னது அந்த நாட்டுக்குச் சரி. வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியோ அன்னாபோலிஸ் கடற்படை அகாடமியோ, பெரும்பாலான மாணவர்களுக்கு அவர்கள் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினரோ செனட்டரோ பரிந்துரை செய்ய வேண்டும். ஓர் உறுப்பினரின் கணக்கில், ஓர் அகாடமியில் ஒரே சமயத்தில் ஐந்து பேர்தான் படிக்கலாம். ஆகவே போட்டி அதிகமுள்ள தொகுதியில் நல்ல மாணவனும் வெளியே நிற்பான், போட்டி குறைந்த தொகுதியில் அவனைவிடச் சுமாரானவன் உள்ளே போவான். அங்கேயும் கடலோரக் காவல்படை அகாடமிக்கு மட்டும் இந்தப் பரிந்துரை ஏற்பாடு கிடையாது. நம் நாட்டில் இப்படி எதுவும் இல்லை. எம்.பி.யிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

என்.டி.ஏ. சேர்க்கை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி. வழியாக நடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு தேர்வு. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண்: கணிதம் 300, பொதுத்திறன் 600. அதில் தேறியவர்களுக்கு எஸ்.எஸ்.பி. எனப்படும் படைத் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் தேர்வு, அதற்கும் 900. இரண்டையும் கூட்டி 1800-க்கு அகில இந்திய அளவில் ஒரே பட்டியல். மாநிலக் கோட்டா இல்லை, மாவட்டக் கோட்டா இல்லை, சாதிவாரி இட ஒதுக்கீடும் இல்லை. தேர்வுத் தாளைத் திருத்துவது கணினி. அதற்கு மன்னார்குடியும் தெரியாது, டேராடூனும் தெரியாது.

அப்படியானால் ஊரில் ஏன் "கோட்டா இருக்கு" என்று அடித்துப் பேசுகிறார்கள்? சிப்பாய் ஆள்சேர்ப்பையும் அதிகாரி தேர்வையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான். சிப்பாய் பணிக்கு, இப்போது அக்னிவீர் என்கிறார்களே அதற்கு, ஒவ்வொரு மாநிலத்திலும் சேரத் தகுதியான வயதுள்ள ஆண்களின் தொகையைப் பொறுத்து இடங்கள் பங்கிடப்படுகின்றன. எந்த மாவட்டத்துக்காரர் எந்த ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதும் முகவரியை வைத்துத்தான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் திருச்சி அலுவலகத்தின் கீழ் வரும். ராலிக்கு இருப்பிடச் சான்று இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு டீக்கடையில் பேசுகிறவர் பொய் சொல்லவில்லை, அது வேறு வாசல்.

அதிகாரி தேர்விலும் பிறந்த மண்ணைப் பார்க்கிற ஒரே ஓர் இடம் உண்டு: உயரம். ராணுவத்துக்கு ஆண்களுக்குக் குறைந்தது 157 செ.மீ. வேண்டும். கூர்க்காக்களுக்கும் வடகிழக்கு, கார்வால், குமாவோன் மலைப்பகுதியினருக்கும் 5 செ.மீ. சலுகை தருகிறார்கள். லட்சத்தீவுக்காரர்களுக்குக் கொஞ்சம் சலுகை. நமக்குக் கிடையாது, தேவையும் இல்லை. விமானியாக வேண்டும் என்றால் 162.5 செ.மீ., அதில் மட்டும் கவனம்.

சரி, வாசல் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால் வடக்கத்திப் பிள்ளைகளே அதிகமாக உள்ளே போவது ஏன்? உத்தரப்பிரதேசம், ஹரியானா, உத்தராகண்ட் என்று அந்தப் பெயர்கள்தான் பயிற்சி முடிக்கும் ஒவ்வொரு அணிவகுப்பிலும் அடிபடுகின்றன. இதற்குச் சதி எதுவும் தேவையில்லை. முதல் காரணம், அங்கே பிள்ளைகளுக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பதே சின்ன வயதில் தெரிந்துவிடுகிறது. சித்தப்பா சுபேதார், பக்கத்து வீட்டு அண்ணன் கேப்டன் என்று வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறது. நம் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு கணிதத்தில் நூறு வாங்குகிறவனைக் கேட்டால் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங் தேதி தெரியும், நீட் தேதி தெரியும். என்.டி.ஏ. விண்ணப்பம் எந்த மாதம் வரும் என்று தெரியாது. தெரியும்போது பத்தொன்பதரை வயது தாண்டியிருக்கும். பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வரைதான் அந்தக் கதவு திறந்திருக்கும், அதற்குள் நான்கைந்து முறை எழுதலாம். வடக்கே ஒருவன் மூன்றாவது முறை எழுதித் தேறுகிறபோது நம் பையன் முதல் முறையே எழுதியிருக்க மாட்டான்.

இரண்டாவது காரணம் மாநில அரசுகள். மகாராஷ்டிர அரசு 1977-லேயே ஔரங்காபாத்தில் ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கி, தன் மாநிலப் பையன்களைப் பத்தாம் வகுப்பு முடிந்ததும் சேர்த்து என்.டி.ஏ.வுக்கு என்றே தயார் செய்கிறது. பஞ்சாப் அரசு மொகாலியில் மகாராஜா ரஞ்சித் சிங் பெயரில் அப்படி ஒன்றை நடத்துகிறது. இவற்றில் சேர அந்தந்த மாநிலத்துக்காரராக இருக்க வேண்டும். அவற்றுக்கு இணையாக நம் மாநிலத்தில் ஒன்று இல்லை. வீடு எங்கே என்பது வாய்ப்பை மாற்றுகிறதா என்று கேட்டால், என் கணக்கில் இதுதான் பெரிய மாற்றம். பஞ்சாபில் ஒரு விவசாயி மகனுக்கு அரசு செய்வதை இங்கே நீங்களே கையிலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, மொழி. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். இந்தி வழியில் படித்த பையன் தன் மொழியில் கணிதத்தை வாசிக்கிறான். தமிழ் வழியில் படித்தவன் 'சார்பகம்', 'சாய்வு', 'நிகழ்தகவு' என்று படித்துவிட்டு அங்கே போய் வேறு பெயர்களில் அதே கணக்கைச் சந்திக்கிறான். இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அக்னிவீர் பொது நுழைவுத் தேர்வையே தமிழில் எழுதலாம் என்று வந்துவிட்ட பிறகு இதை மட்டும் இரண்டு மொழியில் வைத்திருப்பதற்கு நியாயம் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மகன் தேர்வு எழுதுவதற்குள் மாறும் என்று நம்பி உட்கார முடியாதே.

அதற்கு ஒரு வழி. நம் பாடநூல் கழகப் புத்தகங்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டுக்கும் ஒரே பாடம், ஒரே கணக்கு. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆங்கில வழிப் புத்தகத்தையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பள்ளியில் தமிழில் நடக்கட்டும், அதை நிறுத்த வேண்டாம். ராத்திரி அதே அத்தியாயத்தை ஆங்கிலப் புத்தகத்தில் ஒருமுறை ஓட்டட்டும். கணக்கு ஏற்கெனவே புரிந்திருப்பதால் ஆங்கிலம் மட்டும்தான் புதிது, தானாக ஒட்டிக்கொள்ளும். பள்ளியை மாற்றி, விடுதியில் போட்டு, ஒரு லட்சம் கட்டி ஆங்கில வழிக்குத் திடீரென்று தள்ளினால் பையனுக்குக் கணக்கும் புரியாது, ஆங்கிலமும் வராது. அப்படி நடந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பயப்படுகிற அளவுக்கு எழுத்துத் தேர்வில் மார்க் தேவையும் இல்லை. 2023, 2024 ஆண்டுகளில் நடந்த தேர்வுகளில் கட் ஆஃப் 900-க்கு ஏறக்குறைய 300. மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு தாளிலும் குறைந்தபட்ச மார்க் ஒன்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும், தவறான விடைக்கு மார்க் குறைப்பார்கள். நம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தை ஒழுங்காகப் படித்த பையனுக்கு முதல் தாளில் பெரிய அதிர்ச்சி இருக்காது: அணிகள், முக்கோணவியல், வகையீடு, தொகையீடு, வெக்டர், புள்ளியியல் எல்லாம் அங்கேயும் அவைதான். பொதுத்திறனில் ஆங்கிலத்துக்கு 200 போக, மீதி 400-ல் இயற்பியல், வேதியியல், வரலாறு, புவியியல், நடப்பு நிகழ்வுகள். நம் பிள்ளைகள் கோட்டை விடுவது ஆங்கிலத்தில் என்று எல்லோரும் நினைப்பார்கள். நான் பார்த்தவரை கோட்டை விடுவது வரலாற்றிலும் புவியியலிலும். பத்தாம் வகுப்போடு சமூக அறிவியல் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள்.

தேர்வு மையம் திருச்சியிலேயே உண்டு. ஆனால் பெரும்பாலான மையங்களுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு இருக்கிறது. முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலில், நிரம்பிவிட்டால் வேறு ஊரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்னைக்கு அந்த வரம்பு கிடையாது. கடைசி நாள்வரை இழுத்துவிட்டுப் பிறகு சென்னை மையம் கிடைத்து, முதல் நாள் ராத்திரி ரயிலில் நின்றுகொண்டே போய்த் தூக்கக் கலக்கத்தில் கணக்குத் தாள் எழுதுவதைவிட, அறிவிப்பு வந்த வாரமே பதிவு செய்துவிடலாம். கட்டணம் 100 ரூபாய்தான். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் அதுவும் இல்லை.

எஸ்.எஸ்.பி.க்கு எங்கே அழைப்பார்கள் என்பது நம் கையில் முழுதாக இல்லை. ராணுவத்துக்கு பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், பஞ்சாப். விமானப்படைக்கு மைசூரு, டேராடூன், வாரணாசி, காந்திநகர். கடற்படைக்கு கோயம்புத்தூரிலும் ஒரு வாரியம் உண்டு. நம் பக்கத்து ரயில்களைப் பார்த்தால் யாரோ இதற்காகவே விட்ட மாதிரி இருக்கும். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகிற மைசூர் எக்ஸ்பிரஸ் பெங்களூரு வாரியத்துக்கும் போகும், மைசூரு விமானப்படை வாரியத்துக்கும் போகும். கோவைக்கு ஜன் சதாப்தி. ஒரு வகைத் தேர்வுக்கு முதல் முறையாக எஸ்.எஸ்.பி. போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தை, மூன்றடுக்கு ஏ.சி. வரை, திருப்பித் தந்துவிடுகிறார்கள். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பிரயாக்ராஜ், பஞ்சாப் என்று வந்தால் மட்டும் இரண்டு நாள் முன்னாடியே கிளம்ப வேண்டும்.

இனி ஊர் உண்மையாகவே பேசப்படுகிற இடத்துக்கு வருகிறேன். எஸ்.எஸ்.பி.யில் முதல் நாளே பி.ஐ.க்யூ. என்று ஒரு படிவம் தருவார்கள். தன் விவரப் படிவம். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் படிப்பு, வருமானம் எல்லாம் கேட்கும். கூடவே அதிக காலம் வசித்த ஊர், இப்போது வசிக்கும் ஊர், நிரந்தர ஊர் என்று மூன்றும் கேட்கும். அந்த ஊரின் மக்கள்தொகை எவ்வளவு, மாவட்டத் தலைநகரா இல்லையா என்றும் கேட்கும். இதைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் முகம் சுருங்கிவிடும். சின்ன ஊர் என்று எழுதினால் தள்ளிவிடுவார்களோ என்று ஒரு பயம்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், பாபநாசம் பக்கம் ஒரு குக்கிராமம், மூன்று இடத்திலும் 'தஞ்சாவூர்' என்று எழுதிவிட்டு வந்தான். நேர்காணல் அதிகாரி விடவில்லை. தஞ்சாவூரில் எந்தத் தெரு, பெரிய கோயில் விமானம் எவ்வளவு உயரம், சரஸ்வதி மகால் நூலகத்துக்குள் போயிருக்கிறாயா, நகரில் குப்பை எப்படி அள்ளுகிறார்கள், விமானப்படைத் தளத்தில் என்ன விமானம் நிற்கிறது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். 2020 ஜனவரியில் சுகோய் 30 ஸ்குவாட்ரன் ஒன்று தஞ்சாவூரில் தொடங்கியது செய்தித்தாளில் எல்லாம் வந்தது. பையனுக்கு அதுகூட வாயில் வரவில்லை. அவன் தஞ்சாவூருக்குப் போவதே தீபாவளிக்குத் துணி எடுக்கத்தான்.

அந்தக் கேள்விகள் எதற்கு என்று புரிந்துகொண்டால் பயம் போய்விடும். சென்னையில் நல்ல பள்ளியில் படித்தவனுக்குக் கிடைத்தது எது, கிராமத்துப் பையனுக்குக் கிடைத்தது எது என்று அதிகாரிக்குத் தெரியும். கிடைத்ததை வைத்து இவன் என்ன செய்தான் என்றுதான் பார்க்கிறார். நீச்சல் குளம் இருந்த பள்ளியில் படித்தவனிடம் நீச்சல் தெரியுமா என்பார். உங்கள் மகனிடம் வாய்க்காலில் முறைத் தண்ணீர் யார் திறப்பது, கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பார். இது நம் பிள்ளைகளுக்குச் சொந்த மைதானம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12, குறுவை, சம்பா, தாளடி, தூர் வாருவது, கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைத் திருப்பி அனுப்புவது, குவித்துவைத்த நெல்லில் மழை விழுந்தால் அப்பாவும் பையனும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுவது, இதெல்லாம் அவன் பிறந்ததிலிருந்து பார்ப்பது. ஆனால் பார்த்ததைச் சொல்லத் தெரிய வேண்டும். எத்தனை ஏக்கர், ஏக்கருக்கு எத்தனை மூட்டை, ஏன் குறைந்தது, யார் யாரிடம் பேசி எப்படிச் சரி செய்தீர்கள் என்று கோவையாக. அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியத்தில் சொன்னால் போதும். உச்சரிப்புக்கு மார்க் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பெங்களூரு வாரியத்தில் உட்கார்ந்தால் காவிரிப் பிரச்சினை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழு விவாதத்தில் வரலாம், நேர்காணலில் வரலாம். 2007-ல் நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நமக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது, பிறகு மேலாண்மை ஆணையம் வந்தது, இவ்வளவும் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டு, கர்நாடகத்தில் மாண்டியா விவசாயியின் கஷ்டத்தையும் சொல்லத் தெரிய வேண்டும். வீட்டுத் திண்ணையில் பேசுகிற சூட்டோடு அங்கே பேசினால் கதை முடிந்தது. எதிரே இருக்கிறவரைச் சீண்டிப் பார்ப்பதே அந்த அதிகாரிகளின் வேலைகளில் ஒன்று.

மற்றபடி அந்த ஐந்து நாளில் நடப்பவை: ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வது, பதினைந்து விநாடிக்கு ஒரு சொல் வீதம் அறுபது சொற்களுக்கு மனதில் தோன்றியதை எழுதுவது, அரை மணி நேரத்தில் அறுபது சூழ்நிலைகளுக்கு என்ன செய்வாய் என்று எழுதுவது, பலகையும் கயிறும் உருளையும் கொடுத்துக் குழுவாகத் தடையைத் தாண்டச் சொல்வது. முதல் நாளிலேயே பாதிக்கு மேல் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவது சாதாரணம். இதில் ஊரால் வருகிற குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், தெரியாதவர்கள் பத்துப் பேர் நடுவில் சத்தமாகப் பேசிப் பழக்கம் இல்லாதது. அதைச் சரி செய்ய கோச்சிங்குக்கு முன்னால் என்.சி.சி. இருக்கிறது. பள்ளியில் இருந்தால் இப்போதே சேருங்கள். முகாமில் வேறு மாவட்டத்துப் பையன்களோடு பத்து நாள் தங்கி வந்தாலே பாதிக் கூச்சம் போய்விடும். கல்லூரியில் 'சி' சான்றிதழ் எடுத்தால், எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போகும் சிறப்பு வழியும் உண்டு.

என்.டி.ஏ. கிடைக்கவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று அவன் நினைக்க வேண்டாம். பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 சதவீதமும் ஜே.இ.இ. மெயின் தேர்வும் இருந்தால் ராணுவத்தின் தொழில்நுட்ப நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். ஜே.இ.இ. மெயினைத் தமிழில் எழுதலாம் என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன மொழிச் சிக்கலை எழுத்துத் தேர்வு மட்டத்தில் சுற்றிக்கொண்டு போகிற வழி இது. பட்டம் முடித்தவர்களுக்கு சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு, அதிலிருந்து டேராடூன் ராணுவ அகாடமிக்கோ சென்னை பரங்கிமலை அகாடமிக்கோ போகலாம். கார்கில் போரில், 1999 மே 29 அன்று படாலிக்கில் வீர மரணம் அடைந்து வீர் சக்ரா பெற்ற திருச்சி மேஜர் சரவணன் சென்னை அகாடமியில் பயிற்சி பெற்றவர்தான்.

மகனுடைய காகித வேலையில் ஒன்றே ஒன்று. நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். கார்த்திக்' என்றும் ஆதாரில் 'கார்த்திக் செல்வம்' என்றும் இருந்தால் கடைசி நேரத்தில் அலைய வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி வரப்போகிறதோ அப்படியே எல்லாவற்றிலும் இருக்கட்டும். பள்ளியில் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன் போய்ப் பார்த்துவிடுங்கள். மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. 2020 கடைசியில் தனி மாவட்டம் ஆனதால் பழைய ஆவணங்களில் நாகப்பட்டினம் என்று இருக்கும். அதையும் முன்கூட்டியே திருத்திக்கொள்வது நல்லது.

இப்போது மகள் விஷயம். உங்கள் கேள்வியில் அவளை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். ஆனால் வீடு தமிழ்நாட்டில் இருப்பதால் சட்டப்படியே லாபம் கிடைக்கப்போவது அவளுக்குத்தான், மகனுக்கு அல்ல. உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி, அதாவது பிள்ளைகளைப் படை அதிகாரியாகத் தயார் செய்யும் விடுதிப் பள்ளி, இருக்கிறது. சைனிக் பள்ளிகளில் 67 சதவீத இடம் பள்ளி இருக்கும் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு, மீதி 33 சதவீதம்தான் வெளியாருக்கு. அதற்குள் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. ஒதுக்கீடும் படைவீரர் பிள்ளைகளுக்கான பங்கும் உண்டு. பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் இந்தப் பள்ளிகளுக்கு இருக்கிற அடிதடி இங்கே இல்லை. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்பு நுழைவு ஆங்கிலத்தில் மட்டும்தான், இடமும் குறைவு. 2021-22 முதல் பெண்களையும் சேர்க்கிறார்கள்: பத்து சதவீதம் அல்லது பத்து இடம், எது அதிகமோ அது. என்.டி.ஏ.வும் பெண்களுக்குத் திறந்தாயிற்று. உச்ச நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட்டு, 2022-ல் சேர்ந்த முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

மகளுக்கு இரண்டாவது வாசலும் இருக்கிறது. டேராடூனில் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி, 1922-ல் தொடங்கியது, எட்டாம் வகுப்பில் சேர்ப்பார்கள். இடங்கள் மாநில வாரியாக ஒதுக்கப்படுகின்றன. நுழைவுத் தேர்வை அந்தந்த மாநில அரசே நடத்துகிறது. நம் மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும், மையம் சென்னை. பதினொன்றரை வயதுக்கு மேல், பதின்மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். கணிதம் 200, ஆங்கிலம் 125, பொது அறிவு 75, தேறினால் நேர்முகம். தமிழில் எழுத முடியாது என்பது குறை. டெல்டாவுக்குள்ளேயே இதில் ஒரு வேடிக்கை உண்டு: பேரளத்துப் பிள்ளை தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் சென்னைக்குப் போய் எழுத வேண்டும், கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருநள்ளாற்றுப் பிள்ளை புதுச்சேரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். காரைக்கால்காரர்கள் தமிழ்நாட்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டு இங்கே விண்ணப்பம் போட்டால் வேலைக்கு ஆகாது.

சில பேர் போட்டி குறைந்த மாநிலத்து முகவரியில் இருப்பிடச் சான்று வாங்கிச் சேர்க்கப் பார்ப்பார்கள். பிடிபட்டால் சேர்க்கையே ரத்து. உங்களுக்கு அந்தத் தலைவலி வேண்டாம், இருக்கிற முகவரியே நல்ல முகவரி.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு சைனிக் தேர்வு அறிவிப்பு வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் வரும், சேரும் ஆண்டு மார்ச் 31 அன்று வயது பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்க வேண்டும். கணிதத்துக்கு 300-ல் 150, பாதி. நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்கைத் தினம் இருபது போடச் சொல்லுங்கள். இந்த மாதமே இ-சேவை மையத்தில் அவளுக்கு இருப்பிடச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் பதிந்துவிடுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும். கொள்முதல் நேரத்தில் வி.ஏ.ஓ. சிட்டா அடங்கல் வேலையிலேயே மூழ்கியிருப்பார், அப்போது போய் நின்றால் இழுக்கும்.